கடவுளிடம் கேட்டால் போதாதா? யூத மரபில் மனந்திரும்புதலும் மன்னிப்பும்

பொருநைக்கரையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தின் லேவியராகமமும் யோனாவின் கதையும் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது சில ஆண்டுகளாக இலண்டனில் வேலை செய்கிறேன். சென்ற வாரம் நடந்த ஒன்று மனத்தை விட்டு அகலாமல் இருப்பதால், யூத மரபை நெருங்கிப் படித்தவர்கள் இங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

என்னோடு வேலை செய்யும் யூதப் பெண்மணி ஒருவர், வயதில் என்னைவிடப் பத்து ஆண்டு மூத்தவர், இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கூட்டத்தில் நான் எழுதிய அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆங்கிலம் ஒழுங்காகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து இதை எழுதச் சொல்லியிருக்கலாம்" என்று பதினைந்து பேர் நடுவில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு அவரோடு வேலை தொடர்பான பேச்சைத் தவிர வேறு பேச்சு எனக்கு இல்லை.

சென்ற வாரம் அவர் என் மேசைக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே, அந்தக் கூட்டத்தின் மாதத்தையும் தாம் சொன்ன சொற்களையும் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்லி, "நான் செய்தது தவறு. என்னை மன்னிப்பீர்களா?" என்று கேட்டார். நம் ஊரில் யார் வந்து மன்னிப்புக் கேட்டாலும் வாய் தானாகச் சொல்லும் பதிலையே நானும் சொன்னேன்: "அதெல்லாம் ஒன்றுமில்லை, எப்போதோ மறந்துவிட்டேன்." அவர் நகரவில்லை. "நீங்கள் மறந்தீர்களா என்று நான் கேட்கவில்லை, மன்னிப்பீர்களா என்றுதான் கேட்டேன்" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தொலைபேசி ஒலித்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். யூதர்களின் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர் நெருங்குவதால்தான் அவர் வந்தார் என்று பிறகு இன்னொருவர் சொல்லித் தெரிந்தது.

பாவத்தைக் கடவுளிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறலாம் என்று கற்று வளர்ந்தவன் என்பதால் கேட்கிறேன். கடவுளே மன்னிக்கக் காத்திருக்கும் ஒரு நாளை வைத்துக்கொண்டு, என்னைப் போன்ற ஒருவனின் வாய்ச்சொல்லுக்காக அவர் ஏன் வந்து நிற்க வேண்டும்? அந்தச் சொல்லைச் சொல்ல நான் கடமைப்பட்டவனா? நான் இதுவரை சொன்னது அவருக்கு ஏன் போதவில்லை?

ஏடுதேடி எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கு விடை ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே இருக்கிறது. அதில் யோம் கிப்பூரைப் பற்றிய 'யோமா' என்னும் பகுதியின் இறுதி அதிகாரம், மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான குற்றங்களை அந்த நாள் நிவிர்த்தி செய்யும் என்றும், மனிதனுக்கும் அவனுடைய அயலானுக்கும் இடையிலான குற்றங்களை, அந்த அயலானைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாள் நிவிர்த்தி செய்யாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. இதற்கு ரபி (யூத சமய ஆசான்) எலாசார் பென் அசரியா காட்டும் ஆதாரம் நீங்கள் சிறுவயதில் படித்த அதே லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. "கர்த்தருக்கு முன்பாக" உள்ள உங்கள் பாவங்களிலிருந்து சுத்திகரிக்கப்படுவீர்கள் என்றுதானே அங்கே எழுதியிருக்கிறது, அப்படியானால் இன்னொரு மனிதனுக்கு முன்பாக உள்ள கணக்கை அவனிடம்தான் தீர்க்க வேண்டும் என்பது அவருடைய வாசிப்பு. கடவுள் இரக்கமில்லாதவர் என்று இதற்குப் பொருளில்லை. உங்களுக்கு ஏற்பட்ட காயத்தை உங்களைக் கேட்காமல் வேறு எவரும், அவர் கடவுளாகவே இருந்தாலும், கணக்கிலிருந்து நீக்க மாட்டார் என்பதுதான் இதன் பொருள். என் பார்வையில் இது காயப்பட்டவனுக்கு அளிக்கப்பட்ட மிகப் பெரிய மரியாதை.

எருசலேமில் ஆலயம் இருந்த காலத்தில் இந்த நாளின் சடங்கில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் இருந்தன. ஒன்று பலியாகும். மற்றொன்றின் தலைமேல் தலைமைக் குரு இரண்டு கைகளையும் வைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட, அது வனாந்தரத்துக்கு அனுப்பப்படும். நம் தமிழ் வேதாகமம் அதைப் 'போக்காடு' என்று சொல்வது உங்களுக்கு நினைவிருக்கலாம். கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்த பிறகு குருவும் இல்லை, ஆடும் இல்லை. மிஞ்சியது மனந்திரும்புதலும் வேண்டுதலும் நோன்பும் மட்டுமே. எபிரேயத்தில் மனந்திரும்புதலைத் 'தெஷுவா' என்பார்கள். 'திரும்பு' என்னும் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது அது. தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் 'மனந்திரும்புதல்' என்று எழுதியது அந்த வேருக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதை நான் பல முறை வியந்திருக்கிறேன்.

இந்தத் திரும்புதலை ஒழுங்கான சட்டமாக எழுதியவர் பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ், அதாவது மோஷே பென் மைமோன். ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்து, எகிப்தின் ஃபுஸ்தாத்தில் மருத்துவராக வாழ்ந்து 1204இல் மறைந்தவர். பாவத்தைக் கைவிட வேண்டும், இனிச் செய்வதில்லை என்று மனத்தில் உறுதி கொள்ள வேண்டும், நடந்ததற்காக வருந்த வேண்டும், அத்தனையையும் வாயால் சொல்ல வேண்டும் என்று அவர் வகுக்கிறார். கைவிடும் எண்ணமில்லாமல் வாயால் மட்டும் அறிக்கையிடுபவன், தீட்டை உண்டாக்கும் ஊர்வனவற்றைக் கையில் பிடித்துக்கொண்டே தூய்மைக் குளத்தில் முழுகுபவனுக்குச் சமம் என்ற பழைய உவமையையும் எடுத்தாள்கிறார். எத்தனை முறை முழுகினாலும் கையில் இருப்பதைக் கீழே போடும்வரை தீட்டுப் போகாது. முழுமையான தெஷுவா எது என்பதற்கு அவர் தரும் விளக்கம் இன்னும் கடுமையானது. முன்பு தவறிய அதே சூழ்நிலை மறுபடி வாய்த்து, அதைச் செய்யும் வலிமையும் இருந்து, பயத்தாலோ இயலாமையாலோ அன்றி மனந்திரும்பியதாலேயே ஒருவன் விலகி நின்றால், அதுதான் முழுமை.

உங்கள் தோழி சொற்களை ஒன்றுவிடாமல் சொன்னது இதனால்தான் என்று நினைக்கிறேன். 'ஏதாவது தப்பாகச் செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்' என்று பொதுவாகச் சொல்வது எளிது. இன்ன நாளில், இன்னார் முன்னிலையில், இன்ன சொல்லைச் சொன்னேன் என்று பெயரிட்டுச் சொல்பவர், அந்தச் சொல்லை இன்னொரு முறை தம் காதாலேயே கேட்க வேண்டியிருக்கிறது.

யோனாவைக் குறிப்பிட்டீர்கள். யோம் கிப்பூர் அன்று பிற்பகல் தொழுகையில் அந்த நூலைத்தான் முழுமையாக வாசிப்பார்கள். யோனாவின் எச்சரிக்கையைக் கேட்டு நினிவே மக்கள் இரட்டு உடுத்தியதும் உபவாசம் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆனால் மிஷ்னாவில் வேறோர் இடத்தில், பஞ்ச காலத்து நோன்பின்போது ஊர்ப் பெரியவர் எழுந்து மக்களிடம் இப்படிச் சொல்வதாக வருகிறது: நினிவே மக்களின் இரட்டையும் நோன்பையும் கடவுள் பார்த்தார் என்று எழுதப்படவில்லை, அவர்கள் தங்கள் பொல்லாத வழியைவிட்டுத் திரும்பிய செயல்களைப் பார்த்தார் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது.

மட்டுநகராள் எழுதியது:

ஏடுதேடி ஐயா சொன்னவற்றை ஏடுகளில் நான் படித்ததில்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன். மட்டக்களப்பிலிருந்து இஸ்ரேலுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போய், டெல் அவீவுக்கு அருகில் ஓர் அம்மாவுடன் அவர் இறக்கும்வரை இருந்தேன். எண்பது கடந்தவர், நடக்க முடியாது, நினைவு மட்டும் கத்தி போல் இருக்கும்.

எலூல் மாதம் பிறந்ததும் அவருடைய பழைய தொலைபேசிக் குறிப்பேட்டை எடுத்துத் தரச் சொல்வார். யூதப் புத்தாண்டுக்கு முந்திய மாதம் அது. அந்தக் குறிப்பேட்டில் பாதிப் பெயர்களின் மேல் கோடு கிழித்திருக்கும், அவர்கள் இறந்துபோனவர்கள். மீதிப் பெயர்களை ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்றாக அழைப்பார். எனக்கு அப்போது எபிரேயம் ஓரளவு பிடிபட்டிருந்தது. 'நலமா, விருந்துக்கு வாருங்கள்' என்ற பேச்சாக அது இருக்காது. ஓர் அழைப்பில், மருமகளின் தாயாரிடம், பேரனின் பெயர்சூட்டு நாளில் அவர் கொண்டுவந்த உணவைத் தாம் மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்ததை நினைவுபடுத்தி மன்னிப்புக் கேட்டார். அது நடந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு இருவரும் அழுதார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் மருந்துகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தம் நாத்தனாரை மட்டும் அவர் அழைக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். எண்ணை அழுத்தச் சொல்லிவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிடச் சொல்வார். யோம் கிப்பூருக்கு முந்திய நாள் காலையில்தான் பேசினார். அந்த அம்மையார் மன்னிக்கவில்லை. அடுத்த ஆண்டும் அழைத்தார், அப்போதும் மன்னிக்கவில்லை. மூன்றாம் ஆண்டு அழைப்பதற்கு எங்கள் அம்மா உயிரோடு இல்லை.

அந்த முதல் ஆண்டே, நோன்பு தொடங்கும் நாள் மாலையில், என்னையும் கட்டிலருகே உட்காரச் சொல்லி, ஒரு நாள் சூப் கொட்டியதற்காக என்னைப் பார்த்துக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். பொருநைக்கரையான் தம்பி சொன்ன அதே பதிலைத்தான் நானும் சொன்னேன். "இல்லை அம்மா, அதிலே என்ன இருக்கிறது" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "இருக்கிறது. நீ அன்றைக்குச் சமையலறையில் அழுதாய், எனக்குக் கேட்டது" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வந்தது. நாம் 'ஒன்றுமில்லை' என்று சொல்லும்போது, தான் செய்ததே ஒன்றுமில்லை என்றுதான் அவர்களுக்குக் கேட்கிறது, தம்பி. அவர்கள் அதை ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தால் வந்திருக்கவே மாட்டார்கள்.

அன்றைக்கு ஊரே வெள்ளை உடுத்தி, தோல் செருப்பைத் தவிர்த்துத் துணிச் சப்பாத்தோடு தொழுகைக் கூடத்துக்குப் போகும். பெருஞ்சாலையில் ஒரு கார் கூட இராது, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். அம்மா நோன்பு இருக்கக்கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்தார், உயிருக்கு ஆபத்து என்றால் உண்பதுதான் கட்டளை என்று ரபியும் சொல்லியிருந்தார். ஆகவே மருந்து அளக்கும் சின்னக் குவளையில் ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாவத்தின் பெயருக்கும் நெஞ்சில் கைமுட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். எல்லாமே 'நாங்கள் செய்தோம்' என்று பன்மையில்தான் இருக்கும். திருடினோம், பொய் சொன்னோம் என்று வரும். "நீங்கள் எங்கே அம்மா திருடினீர்கள்?" என்று கேட்டேன். "யாராவது ஒருவர் திருடியிருப்பார். அவர் தனியாகச் சொல்ல வெட்கப்படுவார், அதனால்தான் எல்லோரும் சேர்ந்து சொல்கிறோம்" என்றார்.

பொருநைக்கரையான் எழுதியது:

சகோதரியின் பதிலை இரண்டு முறை படித்தேன், நன்றி. ஆனால் அந்த நாத்தனாரைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குள் வேறொரு கேள்வியை எழுப்புகிறது. அவர் மறுத்தது தவறா? கேட்பது ஒருவரின் கடமை என்றால், கொடுப்பதும் மற்றவரின் கடமையாகிவிடுமா? அப்படியானால் காயப்பட்டவன் தலையில் இரண்டாவது பாரத்தையும் ஏற்றுவதாகாதா? உண்மையைச் சொன்னால், எனக்கு இன்னும் அவர்மேல் கோபம் இருக்கிறது.

வழக்குமன்றத்தான் எழுதியது:

ஓய்வுபெற்ற வழக்கறிஞன் நான். பழைய சமயச் சட்டங்களைப் படிப்பது என் நெடுநாள் விருப்பம். நீங்கள் கேட்டதில்தான் இந்த மரபின் நுட்பமே இருக்கிறது.

கேட்பவருக்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். மூன்று முறைக்கு மேல் கேட்க வேண்டியதில்லை என்பது, மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் பெருந்தொகுப்பான தல்மூதில் ரபி யோசே பார் ஹனினாவின் கருத்து. யாக்கோபு இறந்தபின் யோசேப்பிடம், அவனை அடிமையாக விற்ற சகோதரர்கள் சார்பில் மன்னிப்பு வேண்டும் வசனத்தில், இறைஞ்சும் சொல் மூன்று முறை வருவதை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார். மைமோனிடிஸ் அதையே விதியாக்கி, முதலில் மறுத்தால் மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அப்படியே செய்ய வேண்டும், அதற்குப் பிறகும் மறுத்தால் விட்டுவிடலாம், அப்போது குற்றம் மறுத்தவன்மேல் நிற்கும் என்கிறார். தன் ஆசிரியருக்குத் தீங்கு செய்தவனுக்கு மட்டும் இந்த எல்லை இல்லை, ஆயிரம் முறையானாலும் போக வேண்டும்.

கொடுப்பவருக்கும் கடமை உண்டு. காயப்படுத்தியவன் நட்ட ஈட்டை முழுவதும் கொடுத்தாலும், மன்னிப்புக் கேட்கும்வரை அவனுக்கு மன்னிப்பில்லை என்று சொல்லும் அதே மிஷ்னா, கேட்ட பிறகும் மன்னிக்காதவனைக் கொடியவன் என்கிறது. தன் மனைவியைக் கொண்டுபோய்ப் பிறகு திருப்பித் தந்த அரசன் அபிமெலேக்குக்காக ஆபிரகாம் வேண்டிக்கொண்டதை அதற்கு எடுத்துக்காட்டுகிறது. ஆனால் கேட்காதவனை மன்னிக்க வேண்டும் என்று சட்டம் யாரையும் வற்புறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். விரும்பினால் மன்னிக்கலாம். இரவில் படுக்கப் போகுமுன் 'இன்று என்னைக் கோபப்படுத்திய அனைவரையும் மன்னிக்கிறேன்' என்று சொல்லும் வேண்டுதலே உண்டு. எனினும் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவன் தீங்கு செய்தவன்.

இந்தக் கடமைக்கும் விலக்குகள் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த ரபி மோஷே இஸ்ஸர்லெஸ், கேட்பவனின் நன்மைக்காகவே, அதாவது அவன் இலகுவாகத் தப்பித்துக்கொள்ளாமல் உண்மையாகத் திருந்த வேண்டும் என்பதற்காக, மன்னிப்பைத் தள்ளிப்போடலாம் என்று எழுதுகிறார். பொய்யான அவதூறு பரப்பியவனை மன்னிக்கும் கடமையும் இல்லை என்கிறார், ஏனென்றால் பரவிய பொய்யைத் திரும்பப் பெற வழியில்லை. கொலைக்கு இந்த முறையில் தீர்வே கிடையாது. மன்னிக்கும் உரிமை உள்ள ஒரே மனிதர் உயிரோடு இல்லை என்பதால், உறவினரோ சமூகமோ அவர் சார்பில் மன்னிப்பு வழங்கிவிட முடியாது. ஐரோப்பாவில் நாஜிகள் செய்த படுகொலைகளுக்குப் பிறகு, 'யூதர்கள் இன்னும் மன்னிக்கவில்லையா' என்று கேட்டவர்களுக்கு யூத அறிஞர்கள் பலர் தந்த பதில் இந்த அடிப்படையில்தான் அமைந்தது. பழிவாங்கும் எண்ணத்தை அதில் தேடுபவர்கள், தம்முடையது அல்லாத ஒன்றைத் தானம் செய்ய மறுக்கும் நேர்மையைக் காணத் தவறுகிறார்கள்.

நட்ட ஈட்டைப் பற்றியும் ஒரு சொல். திருடிய உத்தரக்கட்டையை வைத்து ஒருவன் மாளிகை கட்டிவிட்டான், பிறகு திருந்த விரும்புகிறான். என்ன செய்வது? மாளிகையை இடித்து அதே கட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றது பழங்கால அறிஞர் ஷம்மாயின் பள்ளி. கட்டையின் விலையைக் கொடுத்தால் போதும் என்றது அவருக்கு எதிர்வாதம் வைத்த ஹில்லேலின் பள்ளி. திரும்பி வருபவனின் பாதையில் மாளிகை அளவுக்குத் தடை இருந்தால் எவனும் திரும்ப மாட்டான் என்பதே காரணம். சட்டம் ஹில்லேலின் பக்கம் நின்றது. நாற்பது ஆண்டு வழக்காடிய எனக்கு, குற்றவாளி திருந்துவதற்காகவே உரிமையாளரின் உரிமையைச் சற்றுத் தளர்த்திய இந்த விதி இன்றைக்கும் வியப்பளிக்கிறது.

உங்கள் கோபத்தைப் பற்றி: மன்னிப்பைக் குறிக்கும் எபிரேயச் சொற்களில் 'மெஹிலா' என்பது கடனைத் தள்ளுபடி செய்வதற்கும் வழங்கும் சொல். தள்ளுபடி செய்பவன் கடனாளியை நேசிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 'இனி இதை உங்களிடம் வசூலிக்க மாட்டேன்' என்று சொன்னால் கடன் தீர்ந்தது. உங்கள் தோழி கேட்டது அதைத்தான் என்பது என் கருத்து. கோபம் ஆறுவதற்கு அதன் காலத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஏடுதேடி எழுதியது:

வழக்குமன்றத்தான் ஐயா சட்டத்தை அழகாகச் சொன்னார், ஆனால் சட்டத்தை மட்டும் படித்தால் இந்த மரபு கணக்குப் புத்தகம் போலத் தோன்றிவிடும் என்ற கவலை எனக்கு உண்டு. தல்மூது தன் விதிகளுக்கு அருகிலேயே, அந்த விதிகள் மனிதர்களிடம் தோற்ற கதைகளையும் வைத்திருக்கிறது.

ராவ் என்னும் பேரறிஞருக்கும் ஓர் இறைச்சிக்கடைக்காரருக்கும் மனத்தாங்கல். தவறு கடைக்காரருடையது. யோம் கிப்பூருக்கு முந்திய நாள்வரை அவர் வரவில்லை. "நானே போய்ச் சமாதானம் செய்கிறேன்" என்று ராவ் கிளம்பினார். வழியில் பார்த்த ஹூனா என்னும் மாணவர், எங்கே போகிறார் என்று கேட்டறிந்துகொண்டு, "ஆசான் ஒருவனைக் கொல்லப் போகிறார்" என்று சொல்லிக்கொண்டார். கடைக்காரர் ஒரு விலங்கின் தலையைப் பிளந்துகொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்து, "போய்விடும், உம்மோடு எனக்குப் பேச்சில்லை" என்றார். வெட்டிக்கொண்டிருந்த தலையிலிருந்து ஓர் எலும்பு தெறித்து அவர் தொண்டையில் பாய்ந்தது, அவர் இறந்தார். ராவின் பணிவைப் புகழ்வதற்காகவா இந்தக் கதை? ஹூனாவின் சொல் எனக்கு அப்படிப் படவில்லை. தவறு செய்தவன் வாசலில் போய் நிற்பதே அவனை நெருக்குவதாகவும் ஆகலாம். இதற்கு மாறாக, ரபி சேரா தமக்குத் தீங்கு செய்தவர் கண்ணில் படும்படி அந்தப் பக்கமாக நடந்துகொண்டே இருப்பாராம், அவர் வந்து பேச விரும்பினால் எளிதாக இருக்கட்டும் என்று. வாசலைத் தட்டவுமில்லை, ஒதுங்கிப் போகவுமில்லை.

அதே ராவ், ரபி ஹனினாவைச் சிறு செயலொன்றால் புண்படுத்தினார். பாடம் நடந்துகொண்டிருக்கையில் ஒவ்வோர் அறிஞர் உள்ளே வரும்போதும் பாடத்தை முதலிலிருந்து தொடங்கியவர், ஹனினா வந்தபோது சலித்துப்போய்த் தொடங்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் யோம் கிப்பூருக்கு முந்திய நாளில் போய்க் கேட்டும் ஹனினா மன்னிக்கவில்லை. மூன்று முறை போதும் என்பது விதி. பெரியவர் பதின்மூன்று முறை போகிறார், பெரியவரான மற்றொருவர் பதின்மூன்று முறையும் மறுக்கிறார். ஹனினாவின் மறுப்புக்குத் தல்மூதே ஒரு காரணம் கற்பிக்கிறது. ராவ் தலைமைக்கு உயர்வார் என்று கனவு கண்ட ஹனினா, அவர் பாபிலோனுக்குப் போய் அங்கே கற்பிக்கட்டும் என்று அப்படிச் செய்தாராம். அந்தக் காரணம் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. உரையாசிரியர்களுக்கும் அந்த மறுப்பு உறுத்தியிருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

எல்லாவற்றையும்விட என் மனத்தில் நிற்பது ரேஷ் லாகிஷின் கதை. கொள்ளைக்காரனாக இருந்தவர், யோர்தான் ஆற்றில் ரபி யோஹனானைச் சந்தித்துத் திருந்தி, அவருடைய தங்கையை மணந்து, அவருக்கு இணையான அறிஞராகவே உயர்ந்தவர். அன்பினால் மனந்திரும்புபவனுக்கு, வேண்டுமென்றே செய்த பாவங்கள்கூடப் புண்ணியங்களாக மாறும் என்று சொன்னவர் அவரே. திருந்தியவனிடம் அவனுடைய பழைய செயல்களை நினைவூட்டக்கூடாது என்று மிஷ்னா தடுக்கிறது, அதை வார்த்தையால் செய்யும் தீங்குகளில் ஒன்றாக வைக்கிறது. ஆனால் ஒரு நாள் வாளும் கத்தியும் எந்த நிலையில் தீட்டை ஏற்கும் என்ற விவாதத்தில், யோஹனான், "கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியும்" என்று சொல்லிவிட்டார். பல்லாண்டு திருந்தி வாழ்ந்தவரிடம் ஒரே வாக்கியம். ரேஷ் லாகிஷ் நோயில் விழுந்தார். அவர் மனைவி அழுது கேட்டும் யோஹனான் இறங்கவில்லை. ரேஷ் லாகிஷ் இறந்தார். பிறகு யோஹனான், "லாகிஷின் மகனே, எங்கே இருக்கிறாய்?" என்று உடைகளைக் கிழித்துக்கொண்டு அலறி, மதி கலங்கி மாண்டார். இறந்தவரின் கல்லறைக்குப் பத்துப் பேருடன் சென்று, 'இஸ்ரவேலின் கடவுளுக்கும் இவருக்கும் விரோதமாக இன்ன தீங்கு செய்தேன்' என்று அறிக்கையிடும் வழி சட்டத்தில் உண்டு. யோஹனானுக்கு அது பற்றி ஒரு சொல்லும் அந்தக் கதையில் வருவதில்லை.

பொருநைக்கரையான் எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நன்றி. யோஹனானின் அந்த ஒற்றை வாக்கியத்தைப் படித்தபோது என் கூட்டத்து வாக்கியம்தான் நினைவுக்கு வந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் அது என்னைக் கொண்டுபோய் விடவில்லை. இந்த எட்டு மாதங்களில் அவரைப் பற்றி நான் இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன். நடந்ததை மட்டும் சொல்லவில்லை. 'அவருக்கு வெளிநாட்டுக்காரர்களையே பிடிக்காது' என்று சேர்த்துச் சொன்னேன். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். என் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது என் வேலையைத் தானாக எடுத்துச் செய்தவர் அவர். என்னைப் பற்றி அவர் சொன்னது பதினைந்து பேருக்கு முன்னால், நேருக்கு நேர். நான் சொன்னது அவருக்குப் பின்னால். இதை அவரிடம் சொல்ல வேண்டுமா?

வழக்குமன்றத்தான் எழுதியது:

இதே கேள்வியில் பெரியவர்கள் இருவர் பிரிந்து நின்றார்கள். புறங்கூறுதலைப் பற்றியே தனி நூல் எழுதியவரும் ஹாஃபெட்ஸ் ஹைம் என்று அழைக்கப்பட்டவருமான ரபி இஸ்ரயேல் மேயர் ககான், அந்த மனிதருக்கு இதுவரை தெரியாவிட்டாலும், தீங்கு விளைந்திருந்தால் சொல்லித்தான் மன்னிப்புப் பெற வேண்டும் என்றார். ரபி இஸ்ரயேல் சலாந்தர், தன் பாரத்தை இறக்குவதற்காக இன்னொருவர் மனத்தில் புதிய காயத்தை உண்டாக்க உனக்கு என்ன உரிமை என்று அதை ஏற்கவில்லை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எனக்குச் சலாந்தரின் பக்கமே சாய்வு. ஆனால் இரண்டு பேரிடமும் போய், 'நான் சேர்த்துச் சொன்னது பொய்' என்று சொல்வதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அதை முதலில் செய்யுங்கள்.

மட்டுநகராள் எழுதியது:

நான் ஹாஃபெட்ஸ் ஹைம் பக்கம், ஐயா மன்னிக்க வேண்டும். எங்கள் அம்மா அழைத்தவர்களில் பலருக்கு, அவர் சொல்லும்வரை அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஒருவர்கூடத் தொலைபேசியை வைத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் தம்பி, அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பொருநைக்கரையான் எழுதியது:

இருவரில் ஒருவரிடம் நேற்று மாலை பேசிவிட்டேன். "நானும் அதை நம்பி நாலு பேரிடம் சொன்னேனே" என்றார். அந்த நால்வரின் பெயரையும் வாங்கிக்கொண்டேன். மற்றவரிடம் இன்று பேசுகிறேன். என் தோழியிடம் காலையில் மேசைக்குப் போய், "நீங்கள் அன்றைக்குச் சொன்னது எனக்கு மிகவும் வலித்தது. நான் மறக்கவில்லை. உங்களை மன்னித்தேன்" என்று நின்றபடியே சொன்னேன். கண்களை மூடித் தலையசைத்தார். நகர்ந்து போகப் பார்த்தவரை, "நானும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், கொஞ்சம் உட்காருங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.